இருபதாங்கட்டைத் தோட்டத்து ஓடுதளம்

வியாழன், காலை 11.27

கோலாலம்பூரில் ஒன்பது மணிக்கு ஏறிய ரயில் 11.27-க்கு என்னை ஈப்போவில் இறக்கிவிட்டது. கட்டணம் முப்பத்தெட்டு ரிங்கிட். வழியெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் பல் கிட்டிப் போய் உட்கார்ந்திருந்தேன். கத்திரி வெயிலில் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பியவன் ரயிலுக்குள் மப்ளர் தேடுவேன் என்று யார் கண்டார்கள்! வெளியே வந்தால் மாடமும் தூணுமாக வெள்ளை வெளேரென்று ஒரு நிலையக் கட்டடம். தூரத்தில் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கூட வந்தவர்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பள்ளிக்கூட வேனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன். போர்க்காலத்தில் அவசரமாகப் போட்டு, போர் முடிந்ததும் அம்போவென்று விட்டுவிட்ட விமான ஓடுதளங்களைத் தேடிப் போய் அளந்து, படத்தோடு முகநூலில் போடுவது என் பித்து. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் லெட்சுமி என்ற பெண்மணி பேராக் மாநிலத்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தார்: "எங்க தோட்டத்துலயும் ஒன்னு இருக்குண்ணே. அளந்து குடுப்பீங்களா? அவசரம்." கோலாலம்பூரில் அக்கா பேத்திக்குக் கல்யாணம். எப்படியும் வரவேண்டியவன் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். எழுபது வருடத்துக்கு மேல் கிடக்கிற ஓடுதளத்துக்கு என்ன அவசரம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வேன் வந்தது. ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், ஆண்கள் போடுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம், காலில் ரப்பர் பூட்ஸ். லெட்சுமிதான். இறங்கி வந்து என் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா? பன்னெண்டரைக்கு நான் புள்ளைங்கள ஏத்தணும். அதுக்குள்ள உங்கள ரூம்ல வுட்டுர்றேன். ரெண்டரைக்கு லோ சாரப் பாக்கப் போலாம். நாளைக்கு மூணு மணி வரைக்கும்தான் நமக்கு டைம் இருக்கு லா."

"எதற்கு நேரம்?"

"போர்டுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பேச்சுக்கு நடுவே 'லா' போடுவது இங்கே வழக்கம்.

போகிற வழியில் விஷயம் முழுதும் வந்தது. ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் சாலையில், இருபதாவது மைல்கல் அருகே இருந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். இங்கே மைல்கல்லைக் கட்டை என்பார்கள். அதனால் அதற்கு இருபதாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் தோட்டத்தின் சமதளமான பகுதியில் மரங்களை வெட்டிச் சாய்த்து, புது வானோட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து அதன் மேலேயே மறுபடி ரப்பர் நட்டார்கள். பிறகு பாமாயில் எடுக்கும் செம்பனை வந்தது. பாதி நிலத்தில் இப்போது தாமான், அதாவது வீட்டுமனைக் குடியிருப்பு. மிச்சமிருக்கும் ஓடுதளத் துண்டின் ஓரத்தில் ஈப்போவின் வரலாற்று ஆர்வலர் குழு ஒன்று சனிக்கிழமை காலை ஒரு தகவல் பலகை வைக்கிறது. அதில் ஓடுதளத்தின் கதை எல்லாம் இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் மட்டும் இல்லை.

"ராணுவ எஞ்சினியருங்க கட்டுனாங்கன்னு எழுதியிருக்காங்க. எங்கப்பாவுக்கு அப்ப பதினாலு வயசு. மரம் வெட்டுனது, கல்லு சுமந்தது, மண்ணு கொட்டுனது எல்லாம் அவங்க. எங்க பெரியப்பாவ சயாம் ரயிலு போடக் கொண்டு போனாங்க, வரல. எங்கப்பாவ இங்கயே நிப்பாட்டி இதப் போட வச்சாங்க. எஞ்சினியராம்! ஒருத்தன் கையில மண்வெட்டி புடிச்சிருப்பானாண்ணே?"

சொல்லும்போது அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. வேனின் வேகமும்தான்.

வியாழன், பிற்பகல் 2.40

லோ சார் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குழுவின் அறை. ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டைப் பையில் மூன்று பேனா. கீழே இருந்து வெள்ளைக் காப்பி வரவழைத்தார். நம் ஊர்க் காப்பிக்குப் பழகிய நாக்கு முதலில் முரண்டு பிடித்தது, இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன். அவரும் லெட்சுமியும் மலாயில் பேசினார்கள், லெட்சுமி எனக்குத் தமிழில் சொன்னார்.

பலகையின் மாதிரி சுவரில் ஒட்டியிருந்தது. வரைபடம், ஆரஞ்சு நிறம் பூசிய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் படம், மலாயிலும் ஆங்கிலத்திலும் நான்கு பத்தி. நல்ல வேலை. ஓடுதளத்தின் வரலாற்றை அவர் உண்மையாகவே தேடி எடுத்திருந்தார். பயிற்சிக்காரர்கள் காலையில் எப்படி எழும்பி வட்டமடித்துத் தரை தொட்டு மறுபடி எழும்புவார்கள் என்பதுவரை எழுதியிருந்தார்.

"உங்கள் அப்பா சொன்னதை நான் பொய் என்று சொல்லவில்லை" என்றார் லெட்சுமியிடம். "ஆனால் என்னிடம் இருப்பது ராணுவ வரைபடம். அதில் பொறியியல் பிரிவின் முத்திரை இருக்கிறது. பலகையில் போடும் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் ஆதாரம் கேட்பார்கள். நாளை மூன்று மணிக்கு அச்சுக்குப் போகிறது. அதற்குள் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று கொண்டு வாருங்கள், நானே மாற்றுகிறேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு லோ சாரின் பேச்சுத்தான் பிடித்திருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் வாய்ச்சொல்லை நம்பி நான் ஒரு கல்கூட நட்டதில்லை. தாத்தா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வந்தவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அதனால் லெட்சுமி கீழே இறங்கும்போது, "எங்கப்பா வாய்க்காலப் பத்திச் சொல்லுவாருண்ணே, மண்ணுக்குள்ள மங்கு போட்டோம்னு" என்று ஆரம்பித்தபோது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வரைபடத்தின் நகலை மடித்துப் பையில் வைப்பதிலேயே கவனமாக இருந்தேன். மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சின்னக் கிண்ணம்.

வியாழன், மாலை 4.30

ஈப்போவிலிருந்து வேனில் முப்பத்திரண்டு கிலோமீட்டர். சுங்கை சிப்புட் தாண்டியதும் செம்பனைக் காடு. நுழைவாயிலில் காவலாளி லெட்சுமியைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார். சாலையோரம் இரண்டடி ஆழம்வரை தோண்டிப் பார்க்கத் தோட்ட நிர்வாகத்திடம் லோ சார் முன்பே கடிதம் வாங்கி வைத்திருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை என்று அப்போதே நினைத்தேன்.

ஓடுதளம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் போகிற செம்மண் சாலை, அவ்வளவுதான். ஆனால் காட்டுச் சாலை வளைந்து நெளியும், இது நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. அதன்மேல் கால் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குதிகாலால் தட்டினால் கெட்டியாகத் திருப்பித் தட்டுகிறது. நாடாவை விரித்தேன். மிச்சம் இருக்கும் நீளம் முந்நூற்று நாற்பது மீட்டர். அதன் தென்முனை தாமானின் மதில்சுவரில் முட்டி நிற்கிறது.

"இந்தா, இந்தப் பக்கம் மரவள்ளிக் கொல்லை இருந்துச்சாம்" என்று காட்டினார் லெட்சுமி. "ஒரு சின்ன வயசு ஜப்பான்காரன் எறங்கத் தெரியாம நேரா கெழங்குல கொண்டு வந்து எறக்கிட்டான். கப்பல நம்ம ஆளுங்கதான் தூக்கி ரோட்டுல வச்சாங்க. அடி வாங்குனது அவன். கெழங்கு எங்களுக்கு. றெக்கையே தோண்டிக் குடுத்துருச்சு, வேல மிச்சம்னு எங்கப்பா சிரிப்பாரு."

ஆகாய விமானத்தைக் கப்பல் என்பதுதான் இங்கே வழக்கம். அவர் சொன்ன கதைக்கு நானும் சிரித்தேன். குறிப்பேட்டில் எழுதவில்லை. ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது.

வெள்ளி, காலை 7.50

தங்கும் விடுதிக்கு எதிரே காதர் பாய் சாப்பாட்டுக்கடை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. ரொட்டி சானாய் ஒரு ரிங்கிட் எண்பது சென், தே தாரிக் இரண்டு ரிங்கிட். டீயை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்:

"லெட்சுமி அக்காவோட வந்த ஆளு நீங்கதானே? போன மாசம் போர்டுக் கூட்டத்துல அக்கா மேசையத் தட்டுன தட்டுல காப்பிக் கோப்பை ஒடஞ்சு போச்சு லா. இந்த லோரோங் சந்து பூரா அதான் பேச்சு. செயிச்சிருவாங்களா?"

"பார்க்கலாம்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. பசியாற வந்த மற்றவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் மூன்று பேருக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைத் தாப்பாவ், அதாவது பொட்டலம், கட்டி, "மண்ணு வெட்டுனா பசிக்கும்" என்று மேசையில் வைத்தார்.

மூன்றாவது ஆள் மாரியாயி. லெட்சுமியோடு அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், இப்போது ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை. அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு சங்குலோடு வேனில் ஏறினார். சங்குல் என்றால் மண்வெட்டி.

வெள்ளி, காலை 8.45

பன்னிரண்டரைக்குப் பள்ளி விடும். பதினொன்றரைக்காவது தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் கட்டளைகளைப் பிறப்பித்தேன். வரைபடத்தில் ஓடுதளத்தின் கிழக்கு ஓரமாக நீளத்துக்கு ஒரு வடிகால் இருந்தது. மேலே லாரி ஓடி எல்லாம் அழிந்திருக்கும், போட்டவர்களின் தடயம் மிஞ்சியிருந்தால் வடிகாலில்தான். வடமுனையிலிருந்து அளந்து, திசைமானி வைத்து, மூன்று இடத்தில் குச்சி நட்டேன்.

"அண்ணே, வாய்க்கா அந்தாண்ட இருக்காது" என்றார் லெட்சுமி.

"வரைபடத்தில் இருக்கிறது, அம்மா."

"இருக்கலாம். தண்ணி படம் பாத்தா போவும்?"

நான் வயதுக்கும் உத்தியோகத்துக்கும் உரிய புன்னகை ஒன்றைச் செய்தேன். இரண்டு பெண்களும் வெட்டினார்கள். முதல் குழி, வெறும் செம்மண். இரண்டாவது குழி, செம்மண்ணும் ஒரு செம்பனை வேரும். மூன்றாவது குழியில் நானே இறங்கினேன். கையில் கொப்புளம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. மணி 10.05. லோ சார் காரில் வந்து இறங்கினார். குழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை விரித்து நிழலில் நின்றுகொண்டார்.

லெட்சுமி சங்குலைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தார்.

"இருபத்தொரு வருசம் இந்தக் காட்டுல பால் வெட்டியிருக்கேன். மழை பேஞ்சா மேக்கால நெரையிலதான் முழங்கால் தண்ணி. அட்டை கடிக்குமேன்னு அந்த நெரைய எவளும் வாங்க மாட்டா. தண்ணி அங்கதான் போவும், வாய்க்காலும் அங்கதான் இருக்கும். வா மாரி."

நெரை என்பது ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கும் மரவரிசை. நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்ய?

வெள்ளி, காலை 10.30

மாரியாயியின் நாலாவது வெட்டில் 'டக்' என்றது.

எல்லாரும் நின்றோம். லெட்சுமி முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் மண்ணை ஒதுக்கினார். வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. களிமண்ணில் சுட்ட மங்குகள், வாயைத் தரையில் வைத்துக் கவிழ்த்து, அடிப்பாகம் மேலே தெரிய, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாக இருந்தன. நடுவில் கருங்கல் ஜல்லி, இரு பக்கமும் மங்கு. மரத்தை வெட்டியபின் வேலையில்லாமல் போன மங்குகளை வடிகாலுக்குப் படுகையாகப் போட்டிருக்கிறார்கள்.

"எங்கப்பா சொன்னது!" என்று கத்தினார் லெட்சுமி. "மாரி, எங்கப்பா சொன்னது!"

நேற்று காதில் போட்டுக்கொள்ளாத அதே வார்த்தை. ஆனால் லோ சார் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "மங்கு தோட்டத்துடையது, சரி. போட்ட கை யாருடையது? சிப்பாய்களே ஸ்டோரிலிருந்து அள்ளி வந்து போட்டிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. எனக்கே அந்த நேரத்தில் அவர்மேல் கோபம் வந்தது என்றால் லெட்சுமியைச் சொல்ல வேண்டாம். ஆனால் லெட்சுமி கோபப்படவில்லை. பாட்டில் தண்ணீரை எடுத்து மங்குகளின் அடிப்பாகத்தின் மேல் ஊற்றி, புறங்கையால் துடைத்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இங்க வாங்க. இதப் பாருங்க."

ஒவ்வொரு மங்கின் அடியிலும் கத்தி முனையால் கீறிய ஒரு குறி. பெருக்கல் குறி போல ஒன்று. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"இது எங்க வழக்கம்" என்று மாரியாயி எனக்குச் சொன்னார். "மங்கு காணாமப் போனா கங்காணி நம்ம தலையிலதான் கட்டுவான். அதனால ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாதில்ல? மீனு போடுவாங்க, சூலம் போடுவாங்க, ஏணி போடுவாங்க. நான் வெட்டுன காலத்துலயும் இருந்துச்சு."

இப்போது லோ சார் குடையைக் கீழே போட்டுவிட்டு முட்டி போட்டார், இஸ்திரி மடிப்போடு. நால்வரும் கையாலேயே மண்ணை ஒதுக்கிக்கொண்டு போனோம். பெருக்கல் குறிகள் ஓர் இடத்தில் நின்றன. அடுத்த மங்கில் மீன். அதற்கடுத்ததும் மீன், அதற்கடுத்ததும் மீன். மீன்கள் முடிந்த இடத்தில் சூலம் தொடங்கியது. ஒரு குறி இன்னொரு குறியோடு ஓர் இடத்தில்கூடக் கலக்கவில்லை.

எனக்கு மூளையில் பொறி தட்டியது. நாடாவை எடுத்தேன். மீன் இருந்த நீளம் மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர். சூலம், மூன்று மீட்டர் பன்னிரண்டு. அதைத் தாண்டி இன்னும் தோண்டினால் ஏணி, அதுவும் மூன்று மீட்டர் பத்து. நம்பாமல் இரண்டு தடவை அளந்தேன்.

"ரெண்டு காண்டாக் கம்பு" என்றார் லெட்சுமி, அளவைக் கேட்டதும். பால் வாளிகளைத் தோளில் தொங்கவிட்டுச் சுமக்கும் கம்பு அது. "கம்ப வச்சு அளந்து, வூட்டுக்கு வூடு பங்கு பிரிச்சிருக்காங்க. அவங்கவங்க பங்கு, அவங்கவங்க மங்கு. சிப்பாய் போட்டிருந்தா கூடையில அள்ளிக் கொட்டியிருப்பாண்ணே. மீனு மீனோட சேருமா?"

இதை அவர் மலாயில் லோ சாரிடம் திருப்பிச் சொன்னார். லோ சார் ஏணிக் குறி போட்ட மங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சேறு பட்ட கையோடு தொலைபேசியை எடுத்து அச்சுக்கடையைக் கூப்பிட்டார். "நிறுத்து. நிறுத்தி வை. பலகை மாறுகிறது" என்றார். அதற்குப் பிறகு லெட்சுமிக்கு முன்னால் வந்து நின்று தலையைக் குனிந்து, "மாஃப், புவான்" என்றார். மன்னிக்க வேண்டும், அம்மா என்று அர்த்தம். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாரியாயி குலவையிட்டார். செம்பனைக் காட்டுக்குள் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. நான் கிழக்கு ஓரத்தில் நட்டிருந்த மூன்று குச்சிகளையும் பிடுங்கி எறிந்தேன். வரைபடம் செய்ய நினைத்ததைச் சொல்கிறது. செய்தவர்களுக்குத்தான் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியும். இதை அறுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன், வெட்கம் ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுக் குறி எது?" என்று கேட்டேன் லெட்சுமியிடம்.

"சேவல் காலு. மூணு கோடு." தோண்டிய நீளம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். "இதுல இல்ல. எங்க பங்கு தாமான் ரோட்டுக்கு அடியில போயிருக்கும். பரவால்ல லா. இதெல்லாம் யாரு? நம்ம ஆளுங்கதானே?"

படங்கள் எடுத்து, இரண்டு மங்குகளை மட்டும் லோ சார் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ள, மற்றவற்றை மண் போட்டு மூடினோம். மணி 11.40. நாசி லெமாக் பொட்டலத்தை ஓடும் வேனிலேயே பிரித்தோம். பள்ளி வாசலில் ஏறிய பிள்ளைகள் சேறு அப்பிய எங்கள் மூவரையும் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளி, பிற்பகல் 3.10

அச்சுக்கடையில் ஒரு புதுச் சிக்கல். மலாய், ஆங்கில வரிகளோடு தமிழிலும் ஒரு வரி வேண்டும் என்று லோ சாரே சொன்னார். கணினியில் தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி வந்தன. கடைக்காரர் நான்கு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

"கையால் எழுதிக் கொடுத்தால் அப்படியே படம் எடுத்து அச்சடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"போலே" என்றார் கடைக்காரர். முடியும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், தமிழ்நாட்டுக்காரன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். பேனாவை லெட்சுமியிடம் கொடுத்தேன். அவர் கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர், நிமிர்ந்த குண்டு எழுத்து. மூன்று தாளைக் கிழித்தபின் நாலாவதில் எழுதி முடித்தார்.

சனி, காலை 9.00

வானம் வெளிறிக் கிடந்தது. எழுபது பேருக்குக் குறையாது. கோலா கங்சார், லகாட், ஹுத்தான் மெலிந்தாங் என்று எங்கெங்கோ குடியேறிப் போன பழைய தோட்டத்து ஆட்கள், மாரியாயி ஓர் இரவுக்குள் அனுப்பிய செய்தியைப் பார்த்து வந்திருந்தார்கள். காதர் பாய் பெரிய பாத்திரத்தில் தே தாரிக்கோடு வந்தார். லோ சார் துணியை விலக்கினார். பலகையில் விமானத்தின் படத்துக்குக் கீழே, கவிழ்ந்த மங்குகளின் படம். அதற்குக் கீழே கறுப்பில் குண்டு எழுத்து:

"இந்த ஓடுதளத்தைப் போட்டவர்கள் இருபதாங்கட்டைத் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர்கள்."

வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து சத்தமாகப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் படத்தில் தன் வீட்டுச் சூலத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"யாரு எழுத்து இது? அழகா இருக்கே" என்று ஒரு பெண் கேட்டார்.

"எனக்கு ஆறாப்புல கையெழுத்துக்கு மார்க்கு கொறச்சாரு வாத்தியாரு" என்றார் லெட்சுமி. "வரச் சொல்லுங்க, பாக்கட்டும்."

சனி, காலை 10.50

எனக்குப் பன்னிரண்டரைக்கு ரயில். வேனில் பெட்டியை ஏற்றினால் உள்ளே ஏற்கெனவே பதினோரு பெண்கள். லெட்சுமி நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பாமல் வண்டியை ஓடுதளத்தின் வடமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"போட்டு முடிச்ச அன்னைக்கே ஜப்பான்காரன் யாரும் மேல கால் வைக்கக் கூடாதுன்னுட்டானாம். தாண்டிப் போனாலே கன்னத்துல அறை. எங்கப்பா இத சுத்திச் சுத்தித்தான் நடந்திருக்காரு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கெட்டியாப் புடிச்சுக்குங்கண்ணே."

பத்து வருடமாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாத வண்டி அது. எடுத்த எடுப்பில் உறுமியது. செம்மண் புழுதி பின்னால் எழும்பியது. பதினோரு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நானும் கத்தினேன், மறைப்பானேன். முள் எழுபதைத் தொட்டபோது மாரியாயி, "தூக்கு, தூக்கு!" என்று கூரையைத் தட்டினார். மதில்சுவருக்கு முன்னால் லெட்சுமி பிரேக்கை மிதித்து நிறுத்தி, மூச்சு வாங்கி, வண்டியைத் திருப்பி மறுபடியும் வடக்கே விரட்டினார். என்னுடைய ரயிலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எனக்கும் இல்லை.

சனி, பிற்பகல் 12.36

ரயிலைப் பிடித்துவிட்டேன். சட்டையெல்லாம் செம்மண். எதிர் இருக்கைக்காரர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். குறிப்பேட்டை எடுத்து இருபதாங்கட்டைக்கான பக்கத்தை நிரப்பினேன். நீளம், திசை, மேற்பரப்பு என்று நான் வழக்கமாகப் போடும் கட்டங்கள் போதவில்லை. பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, 'போட்டவர்கள்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். பிறகு முந்தைய பக்கங்களுக்கும் அதே கட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போனேன். முதல் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து உளுந்தூர்பேட்டை ஓடுதளம் இருந்தது. அதே போரின்போது போட்டது. வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். மூன்று முறை அளந்திருக்கிறேன். அதைப் போட்டது யார் என்று ஒருமுறைகூட யாரையும் கேட்டதில்லை.